அடிலெய்டு முதல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை: கூடாரம் கட்டிப் போகும் அவுட்பேக் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுட்பேக் எனப்படும், ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதிக்கு வண்டியில் போக நினைக்கும் பலரும் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான். அங்கே பயணத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் பாம்புகள் அல்ல. தூரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது, பொழுது சாய்ந்தபின் ஓட்டுவது, டயரில் தவறான காற்று. அதனால் இந்தப் பக்கத்தில் வண்டிக்கும் சாலைக்கும்தான் அதிக இடம். பாதை: அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, உலுரு (பாலைவனத்தின் நடுவே நிற்கும் பெரும் செம்பாறை), கிங்ஸ் கேன்யன் (பாறைப் பள்ளத்தாக்கு), ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்.

மொத்தம் எவ்வளவு தூரம், எத்தனை நாள் வேண்டும்?

அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு நேராகப் போனால் சுமார் 1,530 கி.மீ. உலுருவுக்கும் கிங்ஸ் கேன்யனுக்கும் திரும்பிப் போய்வந்தால் தார்ச்சாலை வழியே 2,350 கி.மீ.க்குக் கிட்ட வரும். ஒருவழிப் பயணத்துக்கு 9 அல்லது 10 நாள் வையுங்கள். வண்டியை அடிலெய்டிலேயே திருப்பித் தர வேண்டுமென்றால் 14 நாள். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவதால் ஒரு நாளைக்கு 900 கி.மீ. என்று திட்டம் போடுகிறார்கள். குளிர்காலத்தில் பகல் பத்து மணி நேரம் சொச்சம்தான். கூடாரம் பிரிப்பது, சமையல், பெட்ரோல் போடுவது எல்லாம் போக, 450 கி.மீ. நிம்மதியான நாள், 600 கி.மீ. தாண்டினால் இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும்.

எந்த மாதங்களில் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பர், ஜனவரியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல; இந்தப் பாதைக்குக் கிழக்கே இருக்கும் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. கோடையில் கூடாரத்தில் தூங்க முடியாது, நடைபாதைகள் பாதி நாள் மூடிக் கிடக்கும். ஜூன், ஜூலையில் பகல் 20 டிகிரி அளவில் இதமாக இருக்கும். இரவில்தான் விஷயம் இருக்கிறது, கீழே வருகிறோம்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

சுற்றுலா விசாவில் வருபவர், ஆங்கிலத்தில் விவரம் அச்சிட்ட செல்லுபடியாகும் உரிமத்தை வைத்து ஓட்டலாம். ஆங்கிலம் இல்லாத உரிமமானால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி தேவை. இருந்தாலும் அந்த அனுமதியையும் சேர்த்தே எடுத்து வருவது நல்லது. வாடகை நிறுவனங்கள் சில அதைத் தனியே கேட்கும். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அந்த ஒரு தலைவலி இல்லை.

நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயமா?

இல்லை. போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுவதும் 1987லேயே தார் போடப்பட்டுவிட்டது. உலுருவுக்கும், தார்ச்சாலை வழியே கிங்ஸ் கேன்யனுக்கும் சாதாரண கார் போதும். கிங்ஸ் கேன்யனிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மெரீனி மண் சாலை வழியே குறுக்கே போவதற்கும், மர்ரீ முதல் மார்லா வரை 600 கி.மீ.க்கு மேல் நீளும் ஊட்னடாட்டா தடத்துக்கும்தான் உயரமான, நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை தார்ச்சாலைதான். மண் சாலையில் கிடைக்கும் காட்சிகளில் முக்கால்வாசி, நெடுஞ்சாலையில் நூறு மீட்டர் தள்ளி நிறுத்தினாலே கிடைக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாலு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, தார் போடாத சாலை: இரு சக்கர இயக்க வண்டிகளுக்குப் பொதுவாக முகாம் மைதானத்துக்குள் போகும் குறுகிய மண் பாதை தவிர வேறெதுவும் அனுமதி இல்லை. இரண்டு, ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை. மூன்று, வேறு வண்டி மோதாமல் தானே கவிழ்ந்தால் இழப்பீடு உண்டா என்பது; மண் சாலையில் மிகையாகத் திருப்பிக் கவிழ்வதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து, அதைத்தான் பல காப்பீடுகள் ஒதுக்கிவைக்கின்றன. நான்கு, டயர், கண்ணாடி, அடிப்பாகச் சேதம். எல்லாம் அடங்கிய காப்பீடு என்று கவுன்டரில் சொன்னாலும், அந்த நான்கையும் எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெட்ரோல் பங்க் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? கேனில் எடுத்துப் போக வேண்டுமா?

போர்ட் அகஸ்டாவிலிருந்து பிம்பா 175 கி.மீ., அங்கிருந்து கிளெண்டாம்போ 115, அதன்பின் கூபர் பீடி வரை 250 கி.மீ.க்கு ஒன்றுமே கிடையாது. கூபர் பீடியிலிருந்து மார்லா 235, அடுத்து வடக்குப் பிரதேச எல்லை தாண்டி குல்கேரா 180, எர்ல்டண்டா 75. எர்ல்டண்டாவில் இடப்பக்கம் திரும்பினால் உலுருவுக்கு அருகிலுள்ள யுலாரா ஊர் சுமார் 245 கி.மீ.; நேரே போனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 200.

100 கி.மீ.க்கு 14 லிட்டர் குடிக்கும் பெரிய வண்டியானாலும் 250 கி.மீ.க்கு 35 லிட்டர்தான். தார்ச்சாலைப் பயணத்துக்குக் கேன் தேவையில்லை. ஆனால் ஒரு ரோட்ஹவுஸில் (பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் சேர்ந்த சாலையோரக் கடை) மின்சாரம் போயிருக்கலாம், கடையே மூடியிருக்கலாம். அதனால் அடுத்த பங்க் இல்லை என்றே வைத்துக்கொண்டு அதற்கடுத்த பங்க் வரைக்கும் கணக்குப் போடுங்கள். எதிர்க்காற்று அடித்தால் செலவு 15, 20 சதவீதம் கூடிவிடும். கூரை மேல் பெட்டி வைத்திருந்தால் இன்னும் கூடும். பாதித் தொட்டி ஆனதும் எந்த பங்க் வந்தாலும் நிரப்புவதுதான் அங்கே வழக்கம். ரோட்ஹவுஸ்கள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மூடிவிடும்.

சில இடங்களில் சாதாரண 91 (ஆக்டேன் எண்) பெட்ரோலுக்குப் பதிலாக அரோமேட்டிக் பொருள் குறைத்த பெட்ரோல் மட்டும் இருக்கும். பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுக்கக் கொண்டுவந்தது அது. 91 ஊற்றும் எந்த வண்டிக்கும் அதை ஊற்றலாம்.

தண்ணீர் எவ்வளவு?

குடிக்க, சமைக்க, முகம் கழுவ என ஆளுக்கு நாளுக்கு 10 லிட்டர். இது போக, வண்டி நின்றுபோனால் தாக்குப்பிடிக்க இரண்டு நாள் தண்ணீர் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு 60 லிட்டர் என்றால் ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் 10 லிட்டர் கேன் ஆறாக வையுங்கள்; குலுக்கலில் ஒன்று விரிசல் விட்டால் மற்ற ஐந்தும் மிஞ்சும். ரோட்ஹவுஸ் குழாய்களில் வருவது பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். குளிக்கலாம், டீ போட முடியாது. நல்ல தண்ணீரைப் போர்ட் அகஸ்டாவில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இருட்டியபின் ஓட்டக் கூடாது என்கிறார்களே, ஏன்?

கங்காரு, மாடு, ஒட்டகம். பெரும்பாலான இடங்களில் சாலையோரம் வேலி கிடையாது. கங்காரு பகல் முழுக்க நிழலில் படுத்திருந்து, அந்தியிலும் விடியலிலும் மேய வரும். சாலையில் வழிந்தோடும் மழைத்தண்ணீரால் ஓரத்தில்தான் புல் பச்சையாக இருக்கும், அதனால் அது வருவதும் சாலையோரத்துக்கே. கறுப்பு மாடு ஹெட்லைட்டில் கடைசி நொடி வரைக்கும் தெரியாது. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே முகாம் போட்டுவிட வேண்டும். ஜூன் மாதத்தில் அது மாலை நாலரை, ஐந்து மணி. காலையிலும் வெயில் ஏறியபின் கிளம்புங்கள்.

எதிரே வந்துவிட்டால் நேராகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். கங்காருவை இடித்தால் ரேடியேட்டர் போகும். 110 கி.மீ. வேகத்தில் ஓரத்து மண்ணில் இறங்கினால் வண்டியே உருளும்.

ரோட் ட்ரெயினை எப்படி முந்துவது?

மூன்று, நாலு டிரெய்லர் கோத்த லாரிதான் ரோட் ட்ரெயின், 53.5 மீட்டர் வரை நீளம் அனுமதி. ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். அது 90இல் போகிறது, நீங்கள் 110. பின்னால் 30 மீட்டரில் தொடங்கி முன்னால் 30 மீட்டர் விட்டுச் சேர, நீங்கள் கூடுதலாகக் கடக்க வேண்டியது சுமார் 120 மீட்டர். 20 கி.மீ. வேக வித்தியாசத்தில் அதற்கு 21 நொடி. அந்த நேரத்தில் உங்கள் வண்டி ஓடும் தூரம் 650 மீட்டர். எதிரே 110இல் ஒரு வண்டி வந்தால் அதுவும் 650 ஓடியிருக்கும். ஆக, 1.3 கி.மீ. வெறுஞ்சாலை தெரிந்தால்தான் வெளியே எடுக்கலாம், ஒன்றரையாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் முந்தாதீர்கள், பத்து நிமிடம் பின்னாலேயே போங்கள்.

யு.எச்.எஃப். ரேடியோ (வண்டிக்கு வண்டி பேசும் வாக்கி டாக்கி) இருந்தால் 40ஆம் சேனலில் லாரி ஓட்டுநரிடம் கேட்கலாம். முன்னால் சாலை காலியா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கேரவன்காரர்கள் பேசுவது 18இல். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும். மண் சாலையில் ரோட் ட்ரெயின் எதிரே வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள், கல் தெறிப்பும் புழுதியும் அடங்கியபின் நகரலாம்.

மண் சாலையில் டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு?

அவுட்பேக்கில் வண்டி நிற்பதற்கு முதல் காரணம் டயர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முழுக் காற்றுடன் இருக்கும் டயர் முறுக்கேற்றிய மத்தளத்தோல் மாதிரி. கூர்மையான கல் பட்டால் கிழியும். காற்றைக் குறைத்தால் ரப்பர் கல்லின் மேல் மடங்கிக் கொடுக்கும், தரையில் பதியும் நீளமும் கூடும். சுமை ஏற்றிய நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஏறக்குறைய இப்படி: தார்ச்சாலையில் 36 முதல் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), சரளைச் சாலையில் 28 முதல் 30, தகரக் கூரை போல வரிவரியாக மேடுபள்ளம் ஓடும் சாலையில் 26, ஆழமான மணலில் 16 முதல் 20. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும். சரளையில் 80க்கு மேல் வேண்டாம், மணலில் 40. குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்ளே பிரிந்து, திடீரென்று வெடிக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளங்கள். 4 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் சரி. 8 ஏறியிருந்தால் டயர் மிகையாகச் சூடாகிறது: காற்று குறைவு, அல்லது வேகம் அதிகம், அல்லது சுமை அதிகம். 1 மட்டும் ஏறியிருந்தால் தொடக்கத்திலேயே காற்று கூடுதல். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிச் "சரிசெய்வது" அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் காலையில் அது காற்றிறங்கிக் கிடக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை: முழு அளவு ஸ்டெப்னி (மண் சாலை என்றால் இரண்டு), 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், காற்றுமானி, பங்சர் ஒட்டும் செருகு வகை கிட், ஜாக்கி, அதன் அடியில் வைக்க ஓரடிக்கு ஓரடி கட்டைப்பலகை. பலகை இல்லாமல் ஜாக்கியை மண்ணில் ஏற்றினால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். சக்கரம் மாற்றிய 50 கி.மீ.க்குள் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், தளர்ந்திருக்கும். வாடகை வண்டியானால் கிளம்பும் முன் அடிலெய்டிலேயே ஸ்டெப்னியை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்ப்பது நல்லது. சில வண்டிகளில் அது அடியில் தொங்கும், இறக்கும் கம்பி எந்த இருக்கைக்குக் கீழே என்று கண்டுபிடிக்கவே அரைமணி ஆகும்.

வரிவரி மேட்டில் 70, 80இல் ஓட்டினால் சக்கரம் உச்சிகளில் மட்டும் தொட்டு ஓடி, குலுக்கல் அடங்கும். உண்மைதான். ஆனால் அப்போது தரையோடு பிடிப்பும் பாதிதான். வளைவிலும் பிரேக்கிலும் வண்டி வழுக்கும். இன்னொன்று புல்டஸ்ட்: கோதுமை மாவு போன்ற புழுதி, பள்ளத்தை நிரப்பிச் சமதளம் போலக் காட்டும். சாலையில் நிறம் திடீரென வெளிறினால் வேகத்தைக் குறையுங்கள்.

மழை பெய்தால்?

மண் சாலைகளை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் பெரிய அபராதம். ஈரத்தில் நீங்கள் போட்ட தடம் காய்ந்து பல வாரம் எல்லாரையும் படுத்தும் என்பதே காரணம். அன்றன்று காலை தெற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் இரண்டின் அரசு சாலை நிலவர அறிக்கையையும் பாருங்கள். தார்ச்சாலையும் தப்பாது: 2022 ஜனவரி மழையில் கிளெண்டாம்போ அருகே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே மூழ்கி மூடப்பட்டது. சாலை தாழும் இடங்களில் ஆழம் காட்டும் குச்சிகள் நட்டிருக்கும். ஓடும் தண்ணீரில் இறங்க வேண்டாம், காத்திருங்கள்.

எங்கே கூடாரம் போடலாம்?

நெடுஞ்சாலையோர ஓய்விடங்கள் பலவற்றில் 24 மணி நேரம் வரை இலவசமாகத் தங்கலாம், பலகையில் எழுதியிருக்கும். சாலையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள், ரோட் ட்ரெயின்கள் இரவிலும் ஓடும். ரோட்ஹவுஸ் பின்புற மைதானத்தில் கட்டணம், ஆனால் வெந்நீர்க் குளியல் உண்டு. இரண்டு இரவு வெளியே, மூன்றாவது இரவு கட்டண மைதானம் என்று மாற்றி மாற்றித் தங்கினால் உடம்பு தாங்கும்.

பிம்பாவைத் தாண்டி நெடுஞ்சாலை ஊமெரா தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைகிறது. அது ஆயுதச் சோதனைத் திடல். சாலையில் போகலாம், அனுமதியின்றி உள்ளே விலகக் கூடாது. உலுரு தேசியப் பூங்காவுக்குள் முகாமுக்கு அனுமதியே இல்லை. யுலாராவில்தான் மைதானம், ஜூலை பள்ளி விடுமுறைக்குப் பல மாதம் முன்பே நிறைந்துவிடும். வடக்குப் பிரதேச அரசுப் பூங்காக்களில் முகாமை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். 2023 முதல் வெளியூர்க்காரர்களுக்குப் பூங்கா நுழைவுச் சீட்டும் தனி. உலுருவின் சீட்டு அதில் அடங்காது.

கழிப்பறை இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து 100 மீட்டர் தள்ளி முழங்கை ஆழத்தில் குழி. காகிதத்தைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். டிங்கோ நாய் தோண்டிவிடும்.

பாலைவனத்தில் குளிருமா?

நடுங்கும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவு சராசரி 4 டிகிரி, பல நாள் பூஜ்யத்துக்குக் கீழே. 1976 ஜூலையில் மைனஸ் 7.5 வரை இறங்கியது. பூஜ்யத்துக்குக் கீழ் தாங்கும் தூக்கப்பை, கம்பளித் தொப்பி, அடியில் நல்ல மெத்தை. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் ஏறும். காற்றடைத்த வெறும் மெத்தை போதாது, அதன் மேல் கம்பளி விரியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் விரும்புவது ஸ்வாக்: மெத்தையோடு சேர்த்துத் தைத்த கான்வாஸ் படுக்கை. சுருட்டினால் தடிமனாக இருக்கும், ஆனால் விரிக்க ஒரு நிமிடம்.

சமையலுக்கு எந்த அடுப்பு?

கடைகளில் கிடைக்கும் மலிவான அடுப்பு பியூட்டேன் டப்பாவில் எரியும். பியூட்டேன் வாயுவாக மாறுவது மைனஸ் 0.5 டிகிரியில், உறைபனி விழுந்த காலையில் டப்பா நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. அந்த டப்பாவைத் தூக்கப்பைக்குள் வைத்துத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். புரோப்பேன் சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்பும்தான் நம்பகமானவை.

அரிசி, பருப்புச் சமையலுக்கு 3 லிட்டர் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயுவும் தண்ணீரும் மிச்சம். அரிசி, மசாலா எல்லாம் அடிலெய்டு இந்தியக் கடைகளிலேயே வாங்கிவிடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்தால் விமான நிலையத்தில் ஒன்றுவிடாமல் அட்டையில் அறிவிக்க வேண்டும், கறிவேப்பிலைக் கொத்து உட்பட. இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது. ரவை உப்புமா போதும்.

ஃபிரிட்ஜ் பேட்டரியைத் தின்றுவிடாதா?

40, 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் குளிர்காலத்தில் நாளுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி எடுக்கும். அதை வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியில் மாட்டினால் மறுநாள் வண்டி கிளம்பாது. தனியாக இரண்டாவது பேட்டரி வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம், ஆக ஒரு நாள் தாங்கும். தினமும் மூன்று, நாலு மணி நேரம் ஓட்டினால் அதிலேயே ஏறிவிடும். ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்கினால் 120 வாட் மடிப்பு சோலார் தகடு ஈடுகட்டும்.

தீ மூட்டலாமா?

முழுத் தீத் தடை அறிவித்த நாளில் கூடாது; பூங்காக்களில் குழி அமைத்த இடத்தில் மட்டும். பூங்காவுக்குள் காய்ந்த விறகு பொறுக்குவதும் தடை, பல்லிகளின் வீடு அது. அணைக்க மண் போடாதீர்கள்: மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் இருக்கும், அடுத்து வருபவர் வெறுங்காலில் மிதிப்பார். தண்ணீர் ஊற்றுங்கள்.

சரி, பாம்பு?

குளிர்காலத்தில் பார்ப்பதே அரிது. கடித்தால்: கழுவாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். 10 முதல் 15 செ.மீ. அகல எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாயின் மேல் இறுக்கிச் சுற்றி, அடுத்ததை விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுதும் சுற்றி, கட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டுங்கள். ஆளை நடக்கவிடாமல் அவசர உதவி எண் 000க்கு அழையுங்கள். நஞ்சு பரவுவது நிணநீர் வழியே. தசை அசைந்தால்தான் அது ஓடும். மூன்று பேண்டேஜ் இருக்கட்டும்.

உண்மையில் தொல்லை தருவது ஈ. தொப்பி மேல் போடும் வலையை அடிலெய்டிலேயே வாங்கிவிடுங்கள்.

செல்போன் எடுக்குமா?

ஊர்களையும் சில ரோட்ஹவுஸ்களையும் சுற்றி மட்டும், அதுவும் பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா நிறுவன இணைப்பில்தான். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். மண் சாலைக்குப் போகிறவர்கள் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (சாட்டிலைட் வழியே மீட்புக்குழுவுக்கு இடத்தைக் காட்டும் கருவி) அல்லது சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுக்க வேண்டும். பீக்கன் உயிர் ஆபத்துக்கு, பங்சருக்கு அல்ல.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்?

வண்டியை விட்டு நகராதீர்கள். வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதன் புள்ளி, வண்டி நன்றாகத் தெரியும். நிழலும் அதுதான், தண்ணீரும் அதில்தான் இருக்கிறது. பானட்டைத் தூக்கிவையுங்கள். நெடுஞ்சாலையில் யாராவது நின்று கேட்காமல் போகமாட்டார்கள். மண் தடத்தில் ஒரு நாளைக்கு ஒரு வண்டிகூட வராமல் இருக்கலாம். கிளம்பும்போதே, எந்த நாள் எந்த ஊரிலிருந்து பேசுவீர்கள், பேசாவிட்டால் எப்போது காவல்துறையைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

உலுருவில் ஏறலாமா?

2019 அக்டோபர் 26 முதல் மூடப்பட்டுவிட்டது. அந்த நிலத்தின் பழங்குடியினரான அனங்கு மக்களுக்குப் புனிதமான இடம். அவர்களிடம் நிலம் திருப்பித் தரப்பட்ட நாளும் அதே அக்டோபர் 26தான், 1985இல். சுற்றி நடக்கும் 10.6 கி.மீ. பாதைக்கு மூன்றரை மணி நேரம் வையுங்கள். படம் எடுக்கக் கூடாத பகுதிகளில் பலகை இருக்கும். ட்ரோனுக்கு அனுமதி இல்லை. அதே பூங்காவில் இருக்கும் கட்டா ஜூட்டா பாறைக்குன்றுகளின் காற்றுப் பள்ளத்தாக்கு நடை, 36 டிகிரி முன்னறிவிப்பு இருந்தால் காலை 11 மணிக்கு முதல் காட்சிமேட்டோடு மூடப்படும். எங்களைக் கேட்டால், ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகச் சொல்வோம்.

மெரீனி சாலைக்கு அனுமதிச் சீட்டு?

வேண்டும். பழங்குடியினர் நிலம் வழியே போகிறது. கிங்ஸ் கேன்யனிலேயே சில டாலருக்குக் கிடைக்கும். வழியில் முகாம் போடக் கூடாது. தார்ச்சாலை வழி 150 கி.மீ. கூடுதல், ஆனால் நேரம் ஏறக்குறைய ஒன்றே.

கூபர் பீடியில் ஒரு நாள் தங்கலாமா?

தங்கலாம். 1915இல் ஓப்பல் கல் கிடைத்ததால் உருவான ஊர். வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் மண்ணுக்கடியில் குடியிருக்கிறது, நிலத்தடியில் கூடாரம் போடும் இடம்கூட உண்டு. ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். படம் எடுக்கப் பின்னால் நகரும்போது திரும்பிப் பார்த்து நகருங்கள்.

பழம், காய்கறி எடுத்துப் போகலாமா?

வடக்கே போகும்போது சிக்கல் இல்லை. திரும்பித் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பழ ஈ கட்டுப்பாடு உண்டு. எல்லைக்கு முன்பே பழங்களைத் தின்று தீர்த்துவிடுங்கள், மிஞ்சியதை அதற்கான தொட்டியில் போடுங்கள். குல்கேராவில் நின்று ஆரஞ்சு உரிக்கிறவர்களைப் பார்த்தால் அதற்காகத்தான்.